பேய்ப் படங்களின் மரபுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேய்ப் படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் எல்லாமே முன்பு பார்த்தவையாகத் தோன்றத் தொடங்கும். மலிவு விலைக்குக் கிடைக்கும் பழைய வீடு, அதில் குடியேறும் குடும்பம், வெற்றிடத்தைப் பார்த்துப் பேசும் குழந்தை, எதையும் நம்ப மறுக்கும் ஒருவர், நள்ளிரவில் தானாகத் திறக்கும் கதவு என்று அவற்றின் பட்டியல் நீளும். இவற்றைத் தேய்ந்துபோன உத்திகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைத் தீர்ப்பதற்காக உருவானவை: பேயில் நம்பிக்கை இல்லாத ஒருவரை, இரண்டு மணி நேரத்துக்குள், அந்தப் படம் ஓடும் வரையிலாவது நம்ப வைப்பது எப்படி? கீழே உள்ள பதில்கள் அந்தக் கோணத்திலிருந்தே எழுதப்பட்டுள்ளன. சில படங்களின் முக்கியக் காட்சிகளும் முடிவுகளும் இங்கே வெளிப்படையாகப் பேசப்படுகின்றன.

அமானுஷ்யத் திகில் படம் என்று எதைச் சொல்கிறோம்?

அச்சத்துக்குக் காரணமானது இயற்கை விதிகளுக்குள் அடங்காத ஒன்றாக இருக்கும் படத்தையே அவ்வாறு சொல்கிறோம். கத்தியோடு துரத்தும் கொலைகாரன் எவ்வளவு கொடியவனாக இருந்தாலும், பூட்டிய கதவு அவனைச் சற்று நேரமாவது தடுக்கும். காவல்துறை அவனைப் பிடிக்கவும் கூடும். ஆவிக்கும் சாபத்துக்கும் பூட்டு ஒரு பொருட்டே அல்ல. எனவே இவ்வகைப் படங்களில் ஒருவர் தப்பிக்க வேண்டுமானால், தாம் எதிர்கொள்வது என்ன, அது எதை விரும்புகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் பழைய செய்தித்தாள்களைப் புரட்டுவதும், முன்பு அங்கே குடியிருந்தவர்களைத் தேடிப் போவதும், மறைக்கப்பட்ட ஒரு மரணத்தைக் கண்டறிவதும் பேய்ப் படங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. துப்பறியும் கதையின் எலும்புக்கூடு இவற்றுக்குள் இருக்கிறது என்றே சொல்லலாம்.

நடப்பது உண்மையில் அமானுஷ்யமா, அல்லது பார்ப்பவரின் மனம் உருவாக்கியதா என்று கடைசிவரை சொல்லாத படங்களும் உண்டு. இலக்கியத் திறனாய்வாளர் ஸ்வெட்டன் டோடரோவ் 1970இல் வெளிவந்த தம் நூலில், இந்தத் தயக்கத்தையே அவ்வகைக் கதைகளின் உயிர் என்று விளக்கினார். ஹென்றி ஜேம்ஸின் 1898ஆம் ஆண்டுக் குறுநாவலை அடிப்படையாகக் கொண்டு ஜாக் கிளேட்டன் இயக்கிய ‘தி இன்னசென்ட்ஸ்’ (1961) இதற்குச் சிறந்த சான்று. இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆசிரியை இறந்தவர்களின் உருவங்களைக் காண்கிறார். நாமும் அவற்றைக் காண்கிறோம். ஆனால் நாம் பார்ப்பது அவருடைய பார்வையின் வழியாக மட்டுமே என்பது மெல்ல உறைக்கும்போது, எந்த விளக்கத்தையும் உறுதியாகப் பற்றிக்கொள்ள முடியாமல் போகிறது.

இந்த மரபுகள் எல்லாம் சினிமாவில்தான் தோன்றினவா?

இல்லை. மிகப் பழைய சான்று ஒன்று ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினியின் கடிதத்தில் இருக்கிறது. ஏதென்ஸ் நகரில் ஒரு பெரிய வீடு. இரவுகளில் அங்கே இரும்புச் சங்கிலி உராயும் ஓசை முதலில் தொலைவிலும் பிறகு அருகிலும் கேட்கும். அதன்பின் நீண்ட தாடியுடன் ஒரு முதியவரின் உருவம் தோன்றும். குடியிருந்தவர்கள் வெளியேறிவிட, வீடு மிகக் குறைந்த தொகைக்கு விடப்படுகிறது. அத்தொகையைக் கேட்டுச் சந்தேகம் கொண்ட அதெனோடோரஸ் என்ற தத்துவவாதி, காரணத்தை விசாரித்து அறிந்த பிறகும் துணிந்து குடியேறுகிறார். இரவில் அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது உருவம் வந்து விரலால் அழைக்கிறது. சற்றுப் பொறுத்திருக்குமாறு சைகை காட்டிவிட்டு அவர் தொடர்ந்து எழுதுகிறார். பிறகு அதன் பின்னால் செல்ல, முற்றத்தில் ஓரிடத்தில் அது மறைகிறது. மறுநாள் அங்கே தோண்டும்போது சங்கிலியால் பிணைக்கப்பட்ட எலும்புகள் கிடைக்கின்றன. முறைப்படி அடக்கம் செய்யப்பட்டதும் தொல்லை நின்றுவிடுகிறது.

குறைந்த விலை, தொலைவிலிருந்து நெருங்கி வரும் ஓசை, அஞ்சாத அறிவாளி, மறைக்கப்பட்ட உடல், முறையான சடங்கால் வரும் அமைதி ஆகிய அனைத்தும் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே ஒரே கதையில் அமைந்துவிட்டன. 1764இல் வெளியான ஹொரஸ் வால்போலின் ‘தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ’ நாவலுக்குப் பின் பாழடைந்த கோட்டையும் மூதாதையரின் பாவமும் நிலையான இடத்தைப் பெற்றன. ஜார்ஜ் மெலியஸ் 1896இல் எடுத்த, சுமார் மூன்று நிமிடங்களே ஓடும் ஒரு மௌனப்படத்தில் கோட்டைக்குள் பறந்து வரும் வௌவால் சாத்தானாக உருமாறுகிறது. எலும்புக்கூடும் வெள்ளைத் துணி போர்த்திய ஆவிகளும் தோன்றுகின்றன. இறுதியில் சிலுவையைக் கண்டு சாத்தான் மறைகிறான். திரைப்படம் பொதுமக்களுக்குக் காட்டப்படத் தொடங்கிய ஓராண்டுக்குள் இவ்வளவும் திரைக்கு வந்துவிட்டன.

பேய் ஏன் பெரும்பாலும் ஒரு வீட்டிலேயே இருக்கிறது?

வீடுதான் மனிதர் தம்மைக் காத்துக்கொள்ளும் கடைசி இடம் என்பதால், அங்கேயே அச்சம் நுழைந்துவிட்டால் அவருக்கு அதற்குமேல் பின்வாங்க இடமில்லை. கதை கட்டுபவருக்கு வேறொரு வசதியும் இருக்கிறது. ஒரு வீட்டின் அமைப்பு பார்வையாளருக்கு விரைவில் மனப்பாடமாகிவிடும். மாடிப்படி எங்கே, குழந்தையின் அறை எது, எந்தக் கதவு எப்போதும் மூடியிருக்கும் என்பதெல்லாம் முதல் அரைமணி நேரத்தில் பதிந்துவிட்டால், பிறகு ஒரு கதவு சற்றே திறந்திருப்பது மட்டுமே போதும்; இசையோ வசனமோ இல்லாமல் பார்வையாளர் தாமாகவே பதறுவார். நல்ல இயக்குநர்கள் தொடக்கத்தில் குடும்பத்தினர் அறை அறையாக வீட்டைச் சுற்றிப் பார்க்கும் காட்சியை வைப்பது இதற்காகத்தான்.

வீட்டுக்கு ஒரு கடந்தகாலம் இருப்பதும் இன்றியமையாதது. ‘போல்டர்கைஸ்ட்’ (1982) படத்தில் புதிய குடியிருப்பு ஒரு கல்லறைத் தோட்டத்தின்மேல் கட்டப்பட்டது. கட்டியவர்கள் கல்லறைக் கற்களை மட்டும் இடம் மாற்றிவிட்டு, உடல்களை அங்கேயே விட்டுவிட்டார்கள். பிளினியின் கதையிலிருந்த அதே அடிப்படைதான் இது: முறையாக அடக்கம் செய்யப்படாதவர்களுக்கு உயிரோடிருப்பவர்கள் பட்ட கடன்.

இவ்வளவு நடந்த பிறகும் அவர்கள் ஏன் வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை?

பார்வையாளர் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுவே. திரைக்கதை எழுதுபவர்கள் மிக அதிகமாக உழைக்க வேண்டியதும் இதற்காகவே. பொதுவான விடை பணம். முழுச் சேமிப்பையும் வீட்டில் போட்டுவிட்டவர்களால் உடனே கிளம்பிவிட முடியாது. ‘தி ஷைனிங்’ (1980) படத்தில் பனி வழியை அடைத்துவிடுகிறது. ‘போல்டர்கைஸ்ட்’ படத்தில் மகள் வீட்டுக்குள்ளேயே காணாமல் போய்விட்டதால், பெற்றோர் அவ்வீட்டைவிட்டு அகல்வது அவளைக் கைவிடுவதாகும். இந்த மூன்றில் கடைசியையே நான் மிகச் சிறந்ததாகக் கருதுகிறேன். ஏனெனில் அங்கே தங்குவது முட்டாள்தனமாக அல்லாமல் அன்பின் விளைவாக இருக்கிறது.

வேறொரு வழி, வெளியேறுவதையே பயனற்றதாக்குவது. தகாஷி ஷிமிசு இயக்கிய ‘ஜூ-ஆன்’ (2002) படத்தில் சாபம் அந்த வீட்டுக்குள் ஒருமுறை காலடி வைத்தவரை எங்கு போனாலும் தொடர்கிறது. ‘இன்சிடியஸ்’ (2010) படத்தில் குடும்பம் உண்மையிலேயே வீட்டை மாற்றுகிறது. தொல்லை புதிய வீட்டுக்கும் வருகிறது. பார்வையாளரின் கேள்விக்குப் படம் நேரடியாகச் செவிசாய்த்து, பிறகு அந்த நம்பிக்கையையும் பறித்துக்கொள்வதால் அந்தக் கட்டத்திலிருந்து அச்சம் இருமடங்காகிறது.

முதலில் குழந்தையோ நாயோ மட்டும் உணர்வது ஏன்?

அவர்களால் சாட்சி சொல்ல முடியாது என்பதே காரணம். நாய் குரைக்கிறது, குழந்தை புதிய நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறது. பெரியவர்கள் அதைப் பொருட்படுத்தாததில் எந்தத் தவறும் இல்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நடந்துகொள்வார்கள். ஆனால் பார்வையாளருக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. பாத்திரங்களைவிடப் பார்வையாளர் ஓரடி முன்னால் இருக்கும் இந்த நிலை, படத்தின் மெதுவான முதல் பகுதியைத் தாங்கிப் பிடிக்கிறது.

நம்ப மறுக்கும் பாத்திரம் கட்டாயம் தேவையா?

தேவை என்றே நான் நினைக்கிறேன். எல்லோரும் உடனே நம்பிவிடும் படத்தில் நம்பாத பார்வையாளருக்கு இடமே இல்லை. சந்தேகம் கொண்டவர் நம்முடைய பிரதிநிதி. அவருடைய விளக்கங்கள் ஒவ்வொன்றாகத் தோற்கும்போது நம்முடைய விளக்கங்களும் தோற்கின்றன.

இதை மிக நேர்மையாகச் செய்த படம் வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கிய ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973). அதில் தாய் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். மகளின் நடத்தை மாறியதும் அவர் மருத்துவமனைக்கே செல்கிறார். சிறுமியின் கழுத்தில் ஊசி செலுத்தி, இரத்தக்குழாய்களைப் படம்பிடிக்கும் பரிசோதனை முழுமையாகக் காட்டப்படுகிறது. இயந்திரங்களின் இடியோசையோடு, எந்தப் பேயும் இல்லாத அந்தக் காட்சியை இன்றும் பலரால் கண் கொண்டு பார்க்க முடிவதில்லை. நரம்பியல் வல்லுநர்களும் மனநல மருத்துவர்களும் கைவிரித்த பிறகு, பேயோட்டும் சடங்கைப் பற்றிய பேச்சை முதலில் எடுப்பவர்களும் மருத்துவர்களே. அதையும் நோயாளியின் நம்பிக்கையைப் பயன்படுத்தும் ஒரு சிகிச்சையாகவே அவர்கள் பரிந்துரைக்கிறார்கள். உதவிக்கு வரும் பாதிரியாரும் மனநல மருத்துவம் பயின்றவர். அவருடைய விசுவாசமும் தளர்ந்திருக்கிறது. இவ்வாறு அறிவியலின் கதவுகள் எல்லாம் முறையாகத் தட்டப்பட்ட பிறகே சடங்கு தொடங்குகிறது. இந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டுச் சடங்கை மட்டும் நகலெடுத்த படங்கள் நினைவில் நிற்காமல் போனதில் வியப்பில்லை.

மறுபக்கத்தில், எல்லாம் மனப்பிரமை என்று மனைவியை அடக்கும் கணவன் என்ற பாத்திரம் அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்பட்டுவிட்டது. கண் முன்னால் மேசை பறந்த பிறகும் ஒருவர் மறுத்துக்கொண்டே இருந்தால், அது கதையை நீட்டுவதற்கான வழி மட்டுமே.

திடீரென்று தூக்கிவாரிப்போடும் காட்சிகள் எப்படி வேலை செய்கின்றன? அவை மலிவான உத்தியா?

எதிர்பாராத பேரொலிக்கு உடல் தரும் எதிர்வினை, சிந்தனைக்கு முந்தையது. கண் சிமிட்டுவதும் தோள் உயர்வதும் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் நடந்துவிடுகின்றன. எனவே ஒலியைத் திடீரென்று உயர்த்தி யாரையும் அதிரவைக்க முடியும். அதிர்ச்சியை உண்டாக்குவது எளிது. அச்சத்தை உண்டாக்குவதுதான் கடினம்.

இரண்டையும் இணைத்த முன்னோடிக் காட்சி, வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ (1942) படத்தில் வருகிறது. இரவில் ஒரு பூங்காவின் சுவரை ஒட்டி ஒரு பெண் தனியாக நடந்து செல்கிறாள். அவள்மீது பகைகொண்ட இன்னொருத்தி பின்தொடர்கிறாள்; சிறுத்தையாக மாறக்கூடியவளோ என்ற சந்தேகம் அவள்மேல் நமக்கு உண்டு. தெருவிளக்குகளின் ஒளிவட்டங்களில் ஒருத்தி தோன்றி மறைகிறாள், பிறகு மற்றவள். இரண்டு காலடியோசைகள் மாறி மாறிக் கேட்கின்றன. இசை இல்லை. ஒரு கட்டத்தில் பின்னால் வந்த காலடியோசை மட்டும் நின்றுவிடுகிறது. முன்னால் செல்பவள் திரும்பிப் பார்க்கிறாள். தெரு வெறுமையாக இருக்கிறது. அவள் நடை ஓட்டமாகிறது. விலங்கின் உறுமல் போன்ற ஓர் ஓசை சீறி எழ, அதே கணத்தில் ஒரு பேருந்து காட்சிக்குள் பாய்ந்து வந்து நிற்கிறது. அது பேருந்தின் காற்றழுத்த பிரேக் எழுப்பிய ஓசையே. படத்தொகுப்பாளர் மார்க் ராப்சன் உருவாக்கிய இந்த உத்தியைத் திரைத்துறையில் இன்றும் ‘லூட்டன் பஸ்’ என்றே அழைக்கிறார்கள்.

அதிர்ச்சி பேருந்தினுடையது, ஆனால் அதற்கு முன்பு நம்மைத் தயார்ப்படுத்தியது, நின்றுபோன அந்தக் காலடியோசை. ஓர் ஓசை இல்லாமல் போவதைப் பார்வையாளர் கவனிக்கும்படி செய்ததில்தான் உழைப்பெல்லாம் இருக்கிறது. இந்த முன்னேற்பாடு இல்லாமல் பூனை தாவுவதையும் தோழி தோளைத் தொடுவதையும் வரிசையாக அடுக்கும் படங்களைப் பார்த்துத் திரும்பும்போது களைப்பு மட்டுமே மிஞ்சும்.

பின்னணி இசையும் ஒலியும் எந்த அளவுக்கு முக்கியம்?

படத்தின் ஒலியை நிறுத்திவிட்டு எந்தப் பேய்க் காட்சியையும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். அஞ்சிய விலங்குகளின் அலறலில் ஒலி கரகரப்பாகவும் சுருதி பிசகியும் சிதறும். மர்மோட் என்னும் கொறிவிலங்குகளை ஆராய்ந்துவந்த டேனியல் புளூம்ஸ்டீன் என்ற உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், திரைப்படங்களின் ஒலித்தடங்களிலும் அத்தகைய ஒழுங்கற்ற ஒலிகள் உணர்ச்சியைத் தூண்டுவதற்காக இடம்பெறுவதைக் காட்டினார்கள். நரம்பிசைக் கருவிகள் ஒன்றோடொன்று மோதிக் கிறீச்சிடும் பேய்ப்பட இசை ஏன் உடலைக் கூசச் செய்கிறது என்பதற்கு இது ஒரு விளக்கம். போலந்து இசையமைப்பாளர் பென்டெரெட்ஸ்கியின் படைப்புகள் ‘தி எக்ஸார்சிஸ்ட்’, ‘தி ஷைனிங்’ ஆகிய இரண்டிலும் பயன்பட்டிருப்பது தற்செயல் அல்ல.

இசையைவிட நுட்பமானது சாதாரண ஒலிகளைக் கையாளும் முறை. ‘தி ஷைனிங்’ படத்தில் சிறுவன் ஆளில்லாத விடுதியின் தாழ்வாரங்களில் மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டுகிறான். நகரும்போதும் படம் குலுங்காமல் காக்கும் ஸ்டெடிகேம் கருவியில் பொருத்திய கேமரா தரையை ஒட்டி அவன் பின்னாலேயே செல்கிறது. மரத்தரையில் சக்கரங்கள் கடகடவென்று உருள்கின்றன. கம்பளத்தின்மேல் ஏறியதும் ஓசை அடங்கிவிடுகிறது. மீண்டும் மரத்தரை, மீண்டும் கம்பளம். எதுவும் நடப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை ஓசை அடங்கும்போதும் அடுத்த திருப்பத்தில் யாரோ நிற்பார்கள் என்று நாம் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

கண்ணாடி, மினுங்கும் விளக்கு, பொம்மை, நிலவறை ஆகியவை ஏன் தவறாமல் வருகின்றன?

ஒவ்வொன்றும் சட்டகத்துக்குள் இன்னொரு மறைவிடத்தை உண்டாக்குகிறது. கண்ணாடி, பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னாலுள்ள இடத்தைத் திரைக்குக் கொண்டுவருகிறது. மினுங்கும் விளக்கு இருளையும் வெளிச்சத்தையும் மாறி மாறித் தருவதால், காட்சியை வெட்டி ஒட்டாமலேயே ஓர் உருவத்தை இடம் மாற்ற முடிகிறது. பொம்மைக்கு மனித முகம் இருக்கிறது, உயிர் இல்லை. நிலவறையும் பரணும், வீட்டில் இருப்பவர்கள் அன்றாடம் செல்லாத பகுதிகள். இவற்றில் கண்ணாடியே மிகவும் தேய்ந்துபோயிருக்கிறது. மருந்துப் பெட்டியின் கண்ணாடிக் கதவை மூடியதும் பின்னால் ஓர் உருவம் தெரிவதை எதிர்பார்க்காதவர்கள் இன்று குறைவு.

பேயைக் காட்ட வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

ராபர்ட் வைஸ் இயக்கிய ‘தி ஹாண்டிங்’ (1963) படத்தில் ஒருமுறைகூடப் பேய் காட்டப்படுவதில்லை. கனத்த மரக்கதவு ஒன்று, மறுபுறத்திலிருந்து ஏதோ அழுத்துவதுபோல் உள்நோக்கிப் புடைத்து மீள்கிறது; அவ்வளவுதான். இன்னொரு காட்சியில், இருளில் படுத்திருக்கும் எலினார் என்ற பெண் அடுத்த அறையின் முணுமுணுப்பைக் கேட்டு அஞ்சி, தன் தோழியின் கையைப் பற்றிக்கொண்டிருக்கிறாள். பிடி இறுகுகிறது, வலிக்கிறது. அலறி எழுந்து விளக்கைப் போட்டதும், தோழி அறையின் மறுபுறத்தில் உறங்கிக்கொண்டிருந்தது தெரியவருகிறது. அதுவரை பற்றியிருந்த கை யாருடையது என்ற கேள்விக்குப் படம் விடை தருவதில்லை. ஓர் ஒப்பனைக் கலைஞர் உருவாக்கக்கூடிய எந்த முகமும் அந்தக் கேள்விக்கு ஈடாகாது.

எதிர்மாறான அனுபவம் டூர்னரின் ‘நைட் ஆஃப் தி டீமன்’ (1957). சாத்தானின் உருவத்தைத் தெளிவாகக் காட்டுவதை இயக்குநர் விரும்பவில்லை. தயாரிப்பாளரின் வற்புறுத்தலால் அது தொடக்கத்திலேயே காட்டப்பட்டது. அதன் விளைவாக, சாபத்தை நம்பாத கதாநாயகனோடு சேர்ந்து சந்தேகப்படும் வாய்ப்பைப் பார்வையாளர் இழந்துவிட்டார்.

ஆயினும் எப்போதும் மறைப்பதே உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. நீண்ட நேரம் மறைத்துவைத்துவிட்டு, சரியான கணத்தில் முழுமையாகக் காட்டுவதும் ஒரு கலையே. அடுத்த கேள்வியில் வரும் படம் அதற்குச் சான்று.

நீண்ட கருங்கூந்தல் முகத்தை மறைக்க, வெள்ளை உடையில் வரும் பெண் ஆவி எங்கிருந்து வந்தது?

உலகெங்கும் அதைப் பரப்பியது ஹிதேயோ நகாதா இயக்கிய ஜப்பானியப் படமான ‘ரிங்கு’ (1998). அதன் வேர் ஜப்பானிய மரபில் இருக்கிறது. அநீதியாக இறந்து, பழிவாங்கத் திரும்பும் ஆவியை அங்கே ‘ஓன்ர்யோ’ என்கிறார்கள். இறந்தவருக்கு வெள்ளை உடை அணிவிப்பதும் அவர்களிடம் பழைய வழக்கம். கணவனால் வஞ்சிக்கப்பட்ட ஓயிவா என்ற பெண்ணின் கதை 1825இல் கபுகி என்னும் ஜப்பானிய மரபு நாடகமாக அரங்கேறியது. கிணற்றில் மாண்ட பணிப்பெண் ஒகிகுவின் கதையும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவருகிறது. ‘ரிங்கு’வின் சடாகோவும் கிணற்றிலிருந்துதான் வெளிவருகிறாள்.

அவள் நடையில் இருக்கும் விபரீதத்துக்கு எளிய காரணம் ஒன்று உண்டு. நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். எடை கால்களில் இறங்கும் வரிசை தலைகீழாவதால், அது மனித நடைதான் என்று தெரிந்தும் நம் கண் அதை ஏற்க மறுக்கிறது. பார்த்தவரைச் சாபத்துக்கு உள்ளாக்கும் ஓர் ஒளிநாடாவில் படம் முழுவதும் மங்கலாகத் தெரிந்த அவள், இறுதியில் தொலைக்காட்சிப் பெட்டியின் திரையைத் தாண்டி அறைக்குள் ஊர்ந்து வரும்போது, நமக்கும் அவளுக்கும் இடையே இருந்ததாக நாம் நம்பிய ஒரே தடுப்பும் உடைகிறது.

சாபத்துக்கும் பேய்க்கும் விதிமுறைகள் இருப்பது ஏன்?

எதை வேண்டுமானாலும் செய்யக்கூடிய சக்தியிடமிருந்து தப்ப வழியில்லை. தப்ப வழியில்லை என்றால் பதற்றமும் இல்லை. விதி இருந்தால்தான் கடிகாரம் ஓடும், முயற்சிக்குப் பொருள் இருக்கும். எம். ஆர். ஜேம்ஸ் 1911இல் நூலாக வெளியிட்ட ஒரு சிறுகதையில், மர்ம எழுத்துகள் கொண்ட ஒரு தாள் ஒருவரிடம் இரகசியமாகக் கொடுக்கப்படுகிறது. கெடு முடிவதற்குள் அதைக் கொடுத்தவரிடமே அவர் அறியாமல் திருப்பிச் சேர்த்தால் மட்டுமே பிழைக்கலாம். மேலே சொன்ன ‘நைட் ஆஃப் தி டீமன்’ அந்தக் கதையிலிருந்து எடுக்கப்பட்டதே. ‘ரிங்கு’வில் ஒளிநாடாவைப் பார்த்தவருக்கு ஏழு நாள் கெடு. ‘இட் ஃபாலோஸ்’ (2014) படத்தில் சாபம் உடலுறவின் வழியே அடுத்தவருக்குச் செல்கிறது. சாபத்துக்கு உள்ளானவரை நோக்கி ஓர் உருவம் ஓடாமல், நிற்காமல், நடந்தே வந்துகொண்டிருக்கும். அது எவர் வடிவிலும் வரலாம். இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டதும் பார்வையாளர் பின்னணியில் நடந்து செல்லும் ஒவ்வொருவரையும் உற்றுப்பார்க்கத் தொடங்கிவிடுகிறார். இயக்குநர் ஒன்றும் செய்யாமலேயே திரையின் மூலைகள் அனைத்தும் அபாயமாகிவிடுகின்றன.

விதிகள் சினிமாவிலேயே பிறப்பதும் உண்டு. பிராம் ஸ்டோக்கரின் 1897ஆம் ஆண்டு நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறார். சூரிய ஒளி பட்டதும் இரத்தக் காட்டேரி அழிந்துபோவதை நிலைநிறுத்தியது முர்னாவ் இயக்கிய ‘நோஸ்ஃபெராட்டு’ (1922). அனுமதியின்றி அந்த நாவலைப் பயன்படுத்தியதால், படத்தின் பிரதிகளை அழிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. தப்பிப் பிழைத்த பிரதிகளின் வழியே அந்த விதியும் பிழைத்தது. இன்று பலர் அதைப் பழங்கால நம்பிக்கை என்றே எண்ணுகிறார்கள்.

ஒரு படம் தான் வகுத்த விதியை இறுதிக்காட்சியின் வசதிக்காக மீறினால், அதை நான் மன்னிப்பதில்லை. அதுவரை பார்வையாளர் கொடுத்த கவனத்தை அது வீணாக்கிவிடுகிறது.

பேயோட்டும் சடங்குக் காட்சிகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பது ஏன்?

ஏறத்தாழ எல்லாமே ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தின் வார்ப்பில் உருவானவை. கட்டிலில் பிணைக்கப்பட்ட உடல், மாறிய குரல், மூத்த பாதிரியாரும் இளையவரும், குளிர்ந்த அறை ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. பாத்திரங்களின் மூச்சு ஆவியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்தப் படுக்கையறை அரங்கத்தை உறைநிலைக்குக் கீழே குளிரூட்டினார்கள். நடிகர்களின் நடுக்கம் நடிப்பு மட்டும் அல்ல என்பதை உணர முடிகிறது.

பாத்திரமே கேமராவை வைத்திருக்கும் பாணி ஏன் இவ்வளவு பரவியது?

‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ (1999) காணாமல் போன மூன்று மாணவர்களின் ஒளிப்பதிவு என்று அறிமுகப்படுத்தப்பட்டது. நடிகர்கள் தம் சொந்தப் பெயர்களிலேயே தோன்றி, தாமே படம்பிடித்தார்கள். மிகச் சிறிய செலவில் எடுக்கப்பட்ட அது சுமார் 25 கோடி டாலரை ஈட்டியது. ஓரன் பெலி தம் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்த ‘பேராநார்மல் ஆக்டிவிட்டி’ (2007) அந்த வழியை உறுதிப்படுத்தியது.

செலவு குறைவு என்பது ஒரு காரணமே. ‘பேராநார்மல் ஆக்டிவிட்டி’யில் படுக்கையறையின் மூலையில் கேமரா அசையாமல் நிற்கிறது: ஒருபுறம் உறங்கும் தம்பதியர், மறுபுறம் திறந்த கதவும் இருண்ட நடையும். திரையின் ஓரத்தில் நேரம் காட்டும் எண்கள் விரைந்து ஓடுகின்றன. திடீரென்று அவை இயல்பு வேகத்துக்கு வந்ததும், ஏதோ நடக்கப்போகிறது என்று அரங்கம் முழுவதும் நிமிர்கிறது. சில நொடிகள் கழித்துக் கதவு விரலளவு அசைகிறது. வெட்டு இல்லாத, இசை இல்லாத அந்தக் காட்சியில் எங்கே பார்ப்பது என்பதைப் பார்வையாளரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இதன் பலவீனம் எல்லோரும் அறிந்தது: உயிருக்குப் போராடும்போதும் ஒருவர் ஏன் கேமராவைக் கீழே போடுவதில்லை? நம்பத் தகுந்த விடை இல்லாத படங்கள் அந்தக் கணத்திலேயே சரிந்துவிடுகின்றன.

கைப்பேசி வந்த பிறகு இந்தப் படங்கள் எப்படிச் சமாளிக்கின்றன?

சிக்னல் இல்லை என்று ஒரு வசனம் வைப்பதே பெரும்பாலான படங்களின் வழி. அதைவிடச் சிறந்தது, கைப்பேசியையே பேய் வரும் பாதையாக மாற்றுவது அல்லது கைப்பேசி பரவுவதற்கு முந்தைய காலத்தில் கதையை நிறுத்துவது. ‘தி கான்ஜுரிங்’ (2013) 1971இல் நடப்பதாக அமைந்திருப்பது இந்தத் தொல்லையையும் தவிர்க்கிறது.

‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்ற அறிவிப்பை நம்பலாமா?

அறிவிப்பையும் ஒரு மரபாகவே கொள்ள வேண்டும். உண்மைக் கதை என்ற அடையாளத்தோடு 1977இல் வந்த நூலிலிருந்து எடுக்கப்பட்ட ‘தி அமிட்டிவில் ஹாரர்’ (1979) படத்தின் கூற்றுகள் பல்லாண்டுகளாக மறுக்கப்பட்டுவருகின்றன. ஒரு குடும்பம் ஒரு வீட்டில் வாழ்ந்தது, 28 நாட்களில் வெளியேறியது என்பது உண்மையாக இருக்கலாம். சுவரில் வழிந்த குருதி உண்மையாக இருக்க வேண்டியதில்லை. அந்த ஒற்றை வரி, பார்வையாளரின் மறுப்பைச் சற்றே தளர்த்துகிறது.

எல்லாம் முடிந்த பிறகும் கடைசியில் ஓர் அதிர்ச்சி வருவது ஏன்?

பிரையன் டி பால்மாவின் ‘கேரி’ (1976) இதற்கு வழிகாட்டியது. உயிர் பிழைத்த பெண் மலர்க்கொத்தோடு எரிந்த வீடிருந்த இடத்துக்கு வருகிறாள், மண்ணைப் பிளந்து ஒரு கை அவளைப் பற்றுகிறது, அது கனவு. அவள் நடந்து வருவதைப் பின்னோக்கிப் படம்பிடித்துத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். பின்னணியில் ஒரு வண்டி பின்புறமாகச் செல்வதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் காணலாம். அதைத் தெளிவாக அறியாமலேயே ஏதோ ஒழுங்கில் இல்லை என்று மனம் உணர்ந்துவிடுகிறது. அதன் பிறகு வந்த எண்ணற்ற படங்கள் கையை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்தப் பின்னோக்கிய நடையை விட்டுவிட்டன. அடுத்த பாகத்துக்கு வழிவிடுவதற்காகவே கடைசி அதிர்ச்சியைச் சேர்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

நிறைவான முடிவு வேறு வகையானது. ‘ரிங்கு’வில் சடாகோவின் உடலைக் கிணற்றிலிருந்து மீட்டதோடு சாபம் தீர்ந்தது என்று நாம் நம்புகிறோம், பிளினி முதல் எல்லாக் கதைகளும் நமக்கு அப்படித்தான் கற்றுத்தந்திருக்கின்றன. ஆனால் இந்த ஆவி அடக்கத்தைக் கேட்கவே இல்லை. தான் பிழைத்தது ஒளிநாடாவை நகலெடுத்து இன்னொருவருக்குக் காட்டியதால்தான் என்று அறிந்த கதாநாயகி, அதைப் பார்த்துவிட்ட தன் மகனைக் காப்பாற்ற அதைத் தன் தந்தைக்கே காட்டத் துணிந்து வண்டியில் கிளம்புகிறாள்.